கடைமடைக்கு வராத தண்ணீர்

அத்தியாயம் 6

மெந்தோசாவில் மதியம் ஒரு மணிக்கு மேல் அடுத்தவர் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே ரகம். ஒன்று, ஊருக்குப் புதுசு. இல்லையென்றால் வீட்டில் இழவு. ஐந்து மணி வரைக்கும் ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில் சுலேமா எங்கள் கதவைத் தட்டினாள். அவள் ஊருக்குப் புதுசு இல்லை.

"யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. சாயந்திரம் ஆறு மணிக்கு," என்றாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"ரூஃபினோ, வாயை மூடிட்டு நாற்காலியைப் போடு," என்றார் பாஸ் உள்ளேயிருந்து.

பாஸ் என்றால் நெலிதா ஸப்போனி. வயது ஐம்பத்தெட்டு. மாகாணத் தண்ணீர்க் கணக்கு ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஆற்றிலிருந்து எடுத்ததில் திராட்சைத் தோட்டம் எவ்வளவு குடித்தது, ஒயின் ஆலை எவ்வளவு, தக்காளி ஆலை எவ்வளவு, வீட்டுக் குழாய் எவ்வளவு, குடித்தது போக ஆற்றுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று மாகாணம் பூராவுக்கும் ஒரே அட்டவணை போட்டுத் தலைநகருக்கு அனுப்புகிற வேலை. அங்கே எல்லா மாகாணத்தையும் கூட்டி நாட்டுக் கணக்கு எழுதுவார்கள். ஒரு வாளி இடித்தாலும் பாஸ் வீட்டுக்குப் போக மாட்டாராம். ஓய்வு பெற்றதும் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் டிரைவர், டைப்பிஸ்ட், எடுபிடி, அஸிஸ்டென்ட். ஆறு வருஷமாக அவருக்கு ஒரே அஸிஸ்டென்ட். அந்த 'ஒரே'யைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள்.

சுலேமா ஒரு கடிதத்தை நீட்டினாள். அவள் புருஷன் இலாரியோ, சான் ரோமான் கிளை வாய்க்காலின் மடைக்காரர். யாருக்கு எந்த நாள், எந்த மணி தண்ணீர் முறையோ அந்த மணிக்குச் சைக்கிளில் போய் மடையைத் திறந்து மூடுகிறவர். இருபது வருஷ சர்வீஸ்.

கடிதத்தைப் பாஸ் சத்தமாகப் படித்தார். தலைநகர் ஆபீஸ் கேட்டிருக்கிறது: அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய இந்தக் கிளை ஆற்றிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்திருக்கிறது, தோட்டங்கள் குடித்ததோ வழக்கமான அளவுதான், நூற்றுக்கு ஒரு பங்கு எங்கே? அடியில் பாசன சங்கத் தலைவர் எவாரிஸ்தோ தன் கையால் எழுதியிருந்தார்: மடைக்காரர் தக்காளி ஆலைக்குத் தண்ணீர் விற்றதாகச் சந்தேகம். வியாழன் மாலை ஆறு மணிக்குச் சங்கம் கூடி அவரை நீக்குவது பற்றி ஓட்டெடுக்கும்.

"இன்னைக்குத்தானே வியாழன்?" என்றார் பாஸ்.

"இன்னைக்குத்தான்க்கா."

"நூத்துக்கு ஒண்ணுக்கா இத்தனை ரகளை?" என்றேன்.

"அந்த ஒண்ணு, ஆயிரம் பேர் ஒரு கோடை முழுக்கக் குடிச்சுக் குளிக்கிற தண்ணிடா," என்றார் பாஸ்.

சுலேமாவுக்குக் கண் கலங்கியது. "இருக்கிற வீடும் சங்கத்து வீடுக்கா. வேலை போனா அன்னைக்கே காலி பண்ணச் சொல்லுவாங்க. அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கிறாரு. இவரு விக்கிற ஆளா? பதினோரு முறை தண்ணி போச்சுன்னா பதினோரு முறையும் இவரு கண்ணை மூடிட்டா நின்னாரு? நீங்களே சொல்லுங்க."

"அழாத. ஆறு மணிக்குள்ள பார்த்துடுவோம்," என்றார் பாஸ்.

படியிறங்கப் போனவள் திரும்பினாள். "அப்படியே... அந்தக் கடைமடைப் பக்கம் அவருக்கு அப்படி என்ன வேலைன்னு தெரிஞ்சாலும் சொல்லுங்கக்கா."

அவள் போய் இருபது நிமிஷத்தில் வந்தான் தாமியான்.

தாமியானைப் பற்றி நடுநிலையாகச் சொல்ல என்னால் முடியாது. பாஸ் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஆபீசில் உட்கார்ந்திருப்பவன். வயது நாற்பது. இஸ்திரி போட்ட சட்டை, தலை நிறைய முடி. எனக்கு இரண்டும் கிடையாது. இரண்டு மாதமாக ஏதாவது ஒரு சந்தேகம் என்று பாஸைத் தேடி வருகிறான். அவன் வந்தால் பாஸ் மாத்தே போடுவார், எங்கள் ஊர் இலைக் கஷாயம். ஒரே குடுவை, ஒரே குழல், சுற்றிச் சுற்றி வரும். நல்ல சாறு இறங்குகிற முதல் குடுவை அவனுக்கு. இலை சக்கையானதும் என் முறை.

"ஆத்துலேருந்து வாய்க்கால் பிரியற தலைப்புல தினசரி எவ்வளவு எடுத்தாங்கன்னு பதிவு கொண்டுவந்திருக்கேன், டீச்சர்," என்றான். டீச்சராம்!

"திருடனைப் பிடிக்க என்ன பண்ணினீங்க?"

"முதல்ல ஒரு வியாழக்கிழமைதான் கூடுதலா எடுத்தது கண்ணுல பட்டுச்சு. அதனால டிசம்பர் பூரா வியாழக்கிழமைக்கு ஆள் காவல் போட்டோம்."

"பிடிச்சீங்களா?" என்றேன் நான்.

"ஒரு தவளைகூட மாட்டல."

பாஸ் பென்சிலை எடுத்துக் கூடுதலாக எடுத்த நாளையெல்லாம் வட்டம் போட்டார். ஒரு வியாழன். அடுத்தது வெள்ளி. அதற்கடுத்தது சனி. இப்படியே ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை தள்ளித் தள்ளி. வட்டங்களை எண்ணினார். பதினொன்று.

"எட்டு நாளைக்கு ஒருக்கா," என்றார். "நீ ஆபீஸ்ல உட்கார்ந்து வாரத்தை எண்றே. அங்க எண்றது முறையை. எட்டு நாளைக்கு ஒரு சுத்து. என் நாற்காலியில உட்கார்ந்துட்டு இதைக்கூடப் பார்க்கலையாப்பா நீ?"

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மாத்தேயை நானே ஊற்றிக் குடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. தாமியான் பையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்தான். "இது அடுத்த மாவட்டத்து வடிகால் பதிவு. அவங்க புத்தகம் தனி, நம்ம புத்தகம் தனி. யாரும் சேர்த்து வச்சுப் பார்க்கிறதில்ல. நானே காலையில போய் வாங்கிட்டு வந்தேன்."

பாஸ் ஒரு வரி படித்தார், இரண்டு வரி படித்தார். "அழகு!" என்றார்.

ஆறு வருஷம். பாஸுக்காக நாயிடம் கடி வாங்கியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட என்னை அழகு என்று சொன்னதில்லை.

"ரூஃபினோ, இங்க வந்து பாரு. அதே பதினோரு நாள். நம்ம வாய்க்காலிலேருந்து வடிகாலுக்குத் தண்ணி இறங்கியிருக்கு. காணாம போன அளவு அப்படியே இதுல இருக்கு. தக்காளி ஆலை குடிக்கல, ஒயின் ஆலை குடிக்கல, ஊர் குடிக்கல. நாட்டுக் கணக்குல இருக்கிற எந்த வரியும் குடிக்கல. எடுத்தவன் வடிகால் வழியா சொட்டு விடாம ஆத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டான்."

"நல்ல திருடன்," என்றேன். "எத்தனை மணிக்குத் திருப்பினான்?"

"மதியம் ரெண்டுலேருந்து நாலு."

"தலைப்புல கூடுதலா எடுத்தது?"

தாமியான் தன் தாளைப் பார்த்தான். "அஞ்சுலேருந்து ஏழு."

"அப்படின்னா திருடறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே திருப்பிக் கொடுத்திருக்கான்," என்றேன்.

பாஸ் என்னைப் பார்த்தார். அழகு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "கார் சாவியை எடு," என்றார்.

தாமியான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அது பாஸின் இடம். பாஸ் பின்னால் உட்கார்ந்துகொண்டார். என் ரெனோ காருக்கு இருபத்தெட்டு வயது. கியர் போடும்போதெல்லாம் தாமியானின் முழங்காலில் முஷ்டி இடித்தது. கியரை நிறைய தடவை போட்டேன்.

"எட்டாம் நாள் ஒரு மணியிலேருந்து அஞ்சு வரைக்கும் யார் முறை?" என்றார் பாஸ்.

"பெர்லா," என்றான் தாமியான். "கடைசித் தோட்டம். அதோட சுத்து முடியும். அப்புறம் மூணு மணி நேரம் வாய்க்காலுக்கு ஓய்வு. தலைப்பை மூடிடணும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் அடுத்த சுத்து. அந்த ஓய்வு நேரத்துல மடைக்காரர் மூடாம விட்டிருக்கார். அதுதான் அவர் மேல குத்தம்."

"இப்பவும் நடக்குதா?"

"இல்ல. சங்கத்துக்கு இந்தக் கடிதம் வந்த அன்னையிலேருந்து நின்னுடுச்சு. ரெண்டும் நின்னுடுச்சு. வடிகாலுக்குப் போறதும், கூடுதலா எடுக்கறதும்."

உபரி மதகு பெர்லாவின் தோட்டத்துக்கு அரை மைல் முன்னால், நெட்டை மரங்களின் வரிசைக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் வாய்க்கால் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளிவிடுவதற்காகக் கட்டியது. கண்ணுக்கெட்டின தூரம் வரை ஒரு ஆள் இல்லை. எல்லோரும் தூக்கம். இலாரியோ மட்டும் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்வெட்டியால் புல்லை வழித்துக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். இன்னும் மூன்று மணி நேரத்தில் வேலை போகப் போகிறவர் வழிக்கிற மாதிரி இல்லை அந்தப் புல்லை.

"இலாரியோ அண்ணே, இந்த மதகைப் பதினோரு தடவை யாரோ திறந்திருக்காங்க," என்றார் பாஸ்.

"அப்படியா," என்றார் அவர். கை நிற்கவில்லை.

"பூட்டை உடைக்கல."

"உடைக்கல."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

"அஞ்சு மணிக்கு மேல தலைப்பை எதுக்குத் திறந்து வச்சீங்க?"

"அதைச் சங்கத்துல கேட்பாங்க. அங்க சொல்லிக்கிறேன்ம்மா." தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போயேவிட்டார்.

"கவனிச்சியா?" என்றார் பாஸ். "அவருக்கு ஆச்சரியமே இல்ல."

மதகுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் திறந்துட்டு, திரும்ப வந்து மூடிப் பூட்டிட்டுப் போயிருக்காங்க. எந்தத் திருடன் மூடிட்டுப் போவான்?"

"ஒழுக்கமான வீட்டுப் பிள்ளை," என்றேன்.

"மதகு திறந்து கிடந்தா முதல்ல யார் சட்டையைப் பிடிப்பாங்க?"

"மடைக்காரர் சட்டையைத்தான்."

"ஆக, அவர் மாட்டக் கூடாதுன்னு நினைக்கிற ஆள். ஆனா தண்ணியும் பெர்லாவுக்குப் போகக் கூடாது. சரி, எடுத்தும் குடிக்கல, விக்கல, சேர்த்தும் வைக்கல. அப்புறம் எதுக்கு எடுக்கணும்? அதுதான்டா எனக்குப் புரியல. இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியிருக்கேன். தண்ணி எடுத்தவன் எல்லாம் எதுக்காவது எடுத்திருக்கான்."

தாமியான் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். யோசிக்கும்போதுகூட அவனுக்கு முகம் நன்றாக இருக்கிறது, சனியன்.

"எனக்குப் புரியுது, பாஸ்," என்றேன். "போன வாரம் தாமியானுக்குன்னு ஒரு கேக் எடுத்து அலமாரியில வச்சீங்க. காணாம போச்சில்ல?"

"எலி எடுத்துட்டுப் போச்சுன்னே."

"நான்தான் எடுத்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி, நான் தின்ன முடியாது. கீழே சைக்கிள் கடை நாய்க்குப் போட்டேன். எனக்கு வேணாம் பாஸ். இவனுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

தாமியான் வாயைப் பிளந்தான். பாஸ் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"அடப்பாவி! உன் அல்பப் புத்தியிலதான்டா இந்தக் கேஸே இருக்கு. பேராசை இல்ல, பொறாமை. பெர்லா மேல பொறாமை. வா, அவளைப் பார்ப்போம்."

பெர்லாவை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கொடிப்பந்தல் நிழலில் உட்கார்ந்து பழைய சாக்குப் பைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் இறந்து ஏழு வருஷம். பெரிய அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சுக் கொடுத்தால் எழுந்து வர மனசு வராத ரகம். வந்தவர்களுக்கு மாத்தே ஊற்றினாள். நல்ல சாறுள்ள முதல் குடுவையை எனக்குக் கொடுத்தாள். அந்த நிமிஷமே இவள் குற்றவாளி இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"உங்க முறையில தண்ணி குறைஞ்சதா?" என்றார் பாஸ்.

"அக்டோபர்லேருந்து. ஒரு மணிக்கு நல்லா வரும். ரெண்டு ஆச்சுன்னா வாய்க்கால் சுருங்கிப் போயிடும். நாலு மணிக்குத் திரும்பப் பொங்கிட்டு வரும். கொடிக்குப் பத்துமா?"

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். இலாரியோதான் வேணாம்னாரு. 'உங்களுக்குக் குறைஞ்ச நேரத்தை நான் தர்றேன்மா, விட்டுடுங்க'ன்னாரு. அஞ்சு மணிக்கு மூட வேண்டியதை ஏழு வரைக்கும் விட்டு, என் கொடியெல்லாம் நனைஞ்சப்புறம்தான் போவாரு. அது சங்க விதிக்கு விரோதம்னு எனக்கும் தெரியும். அவர் பேரைச் சொன்னா அவருக்குத்தானே கஷ்டம்னு நானும் வாயைத் திறக்கல."

கூடுதலாக எடுத்த தண்ணீருக்கு விடை கிடைத்துவிட்டது. அது திருட்டே இல்லை. திருடு போனதற்கு மனுஷன் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு ஈடு கட்டியிருக்கிறார்.

"அந்த ரெண்டு மணி நேரமும் இங்கதான் இருப்பாரா?" என்றார் பாஸ்.

பெர்லா ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினாள். மாத்தே கொடுக்கும்போது நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"முன்னெல்லாம் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒண்ணு குடிச்சிட்டு நன்றி சொல்லிடுவாரு," என்றாள். "இந்த மூணு மாசமா கெட்டில் காலியாகிற வரைக்கும் அந்த வார்த்தை அவர் வாயிலேருந்து வரல." ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டு, "இப்போ ரெண்டு முறையா தண்ணி சரியா வருது. அஞ்சு மணிக்கே போயிடுறாரு," என்றாள்.

தண்ணீர் சரியாக வருகிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

காரில் ஏறும்போது பாஸ் தாமியானைப் பின்னால் போகச் சொன்னார். சொன்ன அழகுக்கு எனக்கு ஒரு பாட்டுப் பாடத் தோன்றியது.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சா?" என்றேன்.

"மதியமே தெரிஞ்சிருக்கணும். காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல."

சங்கக் கட்டடத்துக்கு நாங்கள் வந்தபோது ஐந்தரை. ஆட்கள் தூக்கம் கலையாத முகத்தோடு வர ஆரம்பித்திருந்தார்கள். சுலேமா வாசல் மரத்தடியில் தனியாக நின்றாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"யாருக்கா? தக்காளி ஆலைக்காரங்கதானே?"

பாஸ் அவளை மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். தாமியானைத் தள்ளி நிற்கச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை.

"சுலேமா, எத்தனை முறை தண்ணி போச்சு?"

"பதினோரு... நான் அதை..."

"அந்தக் கடிதத்துல நூத்துக்கு ஒண்ணுன்னு இருக்கு. எத்தனை தடவைன்னு இல்ல. சங்கத்துக்குத் தெரியாது. ஆபீஸுக்கும் தெரியாது, அவங்க வியாழக்கிழமை வியாழக்கிழமையா காவல் காத்துட்டு இருந்தாங்க. இன்னைக்கு மதியம் என் மேசையில வட்டம் போட்டு எண்ணினப்புறம்தான் பதினொண்ணுங்கிற எண்ணே வெளிய வந்துச்சு. நீ அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டே."

சுலேமாவின் முகம் கல்லாகிவிட்டது.

"மாத்துச் சாவி வீட்லதான் இருக்கு," என்றாள். "ஊரே தூங்கும்போது போவேன். ரெண்டு மணிக்குத் திறந்துட்டு, நாலுக்கு வந்து மூடுவேன். நடுவுல அந்தப் புதர்லயே உட்கார்ந்திருப்பேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? வீட்டுக்கு வந்தா பெர்லா கொடி, பெர்லா நாய், பெர்லா சொன்ன கதை. பத்து வருஷமா என்கிட்ட சிரிக்காத மனுஷன் அவ நாய் பண்ணினதைச் சொல்லிச் சிரிக்கிறாருக்கா! எட்டு நாளைக்கு ஒருக்கா சட்டையை நல்லதா போட்டுட்டுப் போறாரு. எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. தண்ணி இல்லேன்னா அங்க நிக்க அவருக்கு வேலை இல்ல பாருங்க. சீக்கிரம் வந்துடுவாருன்னு நினைச்சேன். ஆனா நான் எடுக்க எடுக்க அவரு இன்னும் லேட்டாத்தான் வந்தாரு. ஏழரை, எட்டு. லேட்டா வர வர நானும் விடல."

"வேலைக்கே ஆபத்து வந்ததும் நிறுத்திட்டே. என்கிட்ட வந்தா பழியை ஆலை மேல போட்டுடுவேன்னு நினைச்சே."

அவள் தலையாட்டினாள்.

பாஸ் குரலைத் தாழ்த்தினார். எனக்கு அவரைப் பிடிப்பது இந்த மாதிரி நேரத்தில்தான். "ஏன் லேட்டா வந்தாருன்னு தெரியுமா உனக்கு? நீ மதியம் ரெண்டு மணி நேரத் தண்ணியை வடிகாலுக்கு விட்டே. அவரு அந்த ரெண்டு மணி நேரத்தை அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தாரு. அதுக்கு அங்கேயே உட்கார்ந்தாரு. முன்னெல்லாம் அவரு சைக்கிளை விட்டு இறங்கினதே இல்லையாம்."

சுலேமா புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா உட்கார வச்சேன்?" என்றாள். "நானேவா?"

பாஸ் கட்டட வாசலைக் காட்டினார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. உள்ள நான் பேச மாட்டேன். அவர் வேலையும் வீடும் உன் வாயில இருக்கு."

உள்ளே ஐம்பது அறுபது பேர். எவாரிஸ்தோ மேசையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினார். பெருத்த உடம்பு, அதற்கேற்ற குரல். இலாரியோ எதிரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெர்லா கடைசி பெஞ்சில் இருந்தாள்.

"ஓய்வு நேரத்துல தலைப்பைத் திறந்து வச்சது உண்டா, இல்லையா?"

"உண்டு."

"தண்ணி எங்க போச்சு?"

இலாரியோ தொப்பியைப் பார்த்தார். "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைங்க. ஓட்டெடுங்க."

"நான் சொல்றேன்," என்றாள் சுலேமா கதவுப் பக்கமிருந்து.

சங்கத்தில் பெண்டாட்டிகளுக்குப் பேச உரிமை இல்லை என்று எவாரிஸ்தோ ஆரம்பித்தார். பின்னாலிருந்து பெர்லா, "பேச விடுங்க, எனக்கு ஓட்டு இருக்கு, நான் கேக்கிறேன்," என்றாள். சுலேமா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஹாலே பற்றி எரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்னாள். மாத்துச் சாவி, மதகு, பதினோரு முறை, எல்லாம் சொன்னாள். "அவளுக்குத் தண்ணி போகக் கூடாதுன்னு செஞ்சேன். பொறாமையில செஞ்சேன். இவரு விக்கல. நான் கொட்டினதை இவரு கொடுத்தாரு," என்று எல்லார் முன்னாலும் வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிட்டு, அப்படியே நின்றாள். யாரோ சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் அவர் விலாவில் இடித்தார்.

தாமியான் இரண்டு பதிவுகளையும் மேசையில் விரித்துக் காட்டினான். நன்றாகத்தான் பேசினான், ஒத்துக்கொள்கிறேன். ஓட்டெடுத்தார்கள். நாற்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு. இலாரியோ வேலையில் நீடிப்பார், வீடும் அவருக்கே. கேட்காமல் கூடுதல் நேரம் விட்டதற்கு ஒரு எச்சரிக்கை. சுலேமாவுக்குத் தண்டனை, ஜூலையில் வாய்க்காலை வற்றவிட்டுத் தூர் வாரும்போது உபரி மதகிலிருந்து பெர்லா தோட்டம் வரைக்கும் தனியாளாகத் தூர் வார வேண்டும். அரை மைல். எவாரிஸ்தோவுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வருமென்று நான் நினைத்ததில்லை.

"தலைநகருக்கு என்னன்னு எழுதறது, டீச்சர்?" என்றான் தாமியான் வாசலில்.

"வடிகால் வழியா ஆற்றுக்குத் திரும்பியதுன்னு எழுது. ஏன் திரும்புச்சுன்னு கேக்க அவங்க அட்டவணையில கட்டம் கிடையாது."

பாஸும் தாமியானும் ஏறியதும் நான் காரைத் திருப்பி நிறுத்தும்போது சுலேமாவும் இலாரியோவும் மரத்தடியில் நின்றிருந்தார்கள். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் சுலேமா.

"ரெண்டாவது முறையே தெரியும். மாத்துச் சாவியில ஈர மண் இருந்துச்சு," என்றார் இலாரியோ.

"தெரிஞ்சும் சொல்லாம, வேலையை விடத் தயாரா இருந்தீங்களா? எனக்காகவா?"

"பின்ன? உன்னை விட்டுக் கொடுக்க முடியுமா?"

சுலேமாவின் முகம் இளகியது. இத்தனை நாளில் அவள் சிரிக்கப் போன நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். சிரிப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டாள். எனக்கே குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும் போலிருந்தது.

"அப்போ ரெண்டாவது முறையே என்கிட்ட வந்து, ஏன்டீ இப்படிப் பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே."

இலாரியோ பொய் சொல்லத் தெரியாத மனிதர். தொப்பியைத் தலையில் வைத்தார். சைக்கிளை நிமிர்த்தினார்.

"அதனாலதான் கேக்கல," என்றார்.

சுலேமா எங்கள் காரின் பின்கதவைத் தானே திறந்து, தாமியானை நகரச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பாஸ் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே போ என்றார். வழி பூரா நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.